அல்புகர்க்கி பலூன் விழாவில் பறக்க ஆசையா? முதலில் கயிறு பிடிக்கப் பழகுங்கள்

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் வெப்பக்காற்றுப் பலூன் விழாவுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை இரண்டே காலைப் பொழுதுகள்தான் கையில் இருந்தன. சனிக்கிழமை காற்று, அன்றைக்குப் பறத்தல் இல்லை என்று சிவப்புக் கொடி. ஞாயிற்றுக்கிழமை பலூன்கள் ஏறின, ஆனால் நான் வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை ஆறு காலைகள் தங்கினேன். இரண்டு முறை பறந்தேன், அதற்காக யாருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு பயணத்துக்கும் நடுவில் நான் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து சுற்றுலா விசாவில் போன ஒருவனின் கணக்கு இது. அமெரிக்காவிலேயே இருப்பவர்கள் இரண்டாவது பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. எந்த வழியில் பறக்கப் போகிறீர்கள்?

மூன்று வழி உண்டு.

காசு கொடுத்துப் பயணியாக ஏறலாம். விழா நாட்களில் தலைக்கு 400 டாலருக்கு மேல் ஆகும். வார இறுதி என்றால் இன்னும் ஏறும். ஒரு மணி நேரம் பறந்து இறங்கினால் முடிந்தது.

பலூன் ஓட்டும் உரிமம் வைத்திருந்தால் பைலட்டாகவே போகலாம். அவர்களுக்கு ஒன்பதாவது பகுதியில் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது வழி சேஸ் க்ரூ. பலூனை விரித்து, காற்றடித்து, ஏற்றிவிட்டு, அது போகும் திசையில் வண்டியில் துரத்திப் போய், இறங்கியதும் சுருட்டி மூட்டை கட்டும் குழு. சம்பளம் கிடையாது. கூடையில் இடம் மிச்சமிருந்தால் ஒரு நாள் பைலட் உங்களை ஏற்றிக்கொள்வார். அது வழக்கம்தான், உரிமை கிடையாது. "எனக்கு எப்போது முறை?" என்று கேட்கும் ஆளுக்குக் கடைசிவரை முறை வராது. புதியவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். மிச்சக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

2. ஆவணங்களை ஜனவரியிலேயே தொடங்குங்கள்

விழா அக்டோபர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். 2026-இல் அக்டோபர் 3 முதல் 11 வரை. "இன்னும் பத்து மாதம் இருக்கிறதே" என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு.

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். விண்ணப்பக் கட்டணம் நான் கட்டியது 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. சென்னையில் முதலில் கைரேகை, புகைப்படத்துக்கு ஒரு நாள், பிறகு அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் ஒரு நாள். ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வெளியே வைத்துவிட்டு வர ஒரு ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

ஒரு பொறி: நேர்காணலில் "பலூன் க்ரூவில் வேலை செய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். "வேலை" என்ற சொல் விழுந்ததும் அடுத்த ஐந்து நிமிடம் கேள்விமேல் கேள்வி. உண்மை என்னவோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பலூன் விழா பார்க்கப் போகிறேன், தெரிந்தவரின் பலூனுக்குக் கைகொடுப்பேன், ஊதியம் எதுவும் இல்லை, இத்தனை நாளில் திரும்பிவிடுவேன். பைலட்டின் அழைப்பு மின்னஞ்சல் இருந்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, கையில் இருந்தது தெம்பாக இருந்தது.

விசா வந்த கையோடு ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா நகல், உள்ளூர் லைசென்ஸ் வேண்டும். எனக்கு 1,000 ரூபாய் ஆனது. ஓர் ஆண்டு செல்லும்.

பயண மருத்துவக் காப்பீட்டில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும், அந்தப் பட்டியலில் பலூனும் இருக்கும். நான் முதலில் வாங்கிய பாலிசியில் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்க்க முடியுமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். அமெரிக்க மருத்துவமனையில் கணுக்கால் சுளுக்குக்கே என்ன பில் வரும் என்பதை அங்கே இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது கேட்டால் சொல்வார்கள்.

3. ஒரு பலூனோடு ஒட்டிக்கொள்ளுங்கள்

எனக்குக் கிடைத்த தொடர்பு பொள்ளாச்சியில். பொங்கலையொட்டி அங்கே நடக்கும் பலூன் விழாவுக்கு வெளிநாட்டுப் பைலட்டுகள் வருவார்கள். மூன்று நாள் கயிறு பிடித்தேன், மூட்டை தூக்கினேன். கடைசி நாள் ஒருவர், "அல்புகர்க்கிக்கு வந்தால் சொல், ஆள் எப்போதும் பற்றாது" என்றார். முதல் பயணத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு அவரைக் கூப்பிடவில்லை. அதுதான் வேலிக்கு வெளியே நின்றதற்குக் காரணம்.

யாரையும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விழா அமைப்பே க்ரூ தன்னார்வலர்களைப் பதிவு செய்து, ஆள் தேவைப்படும் பலூன்களோடு சேர்த்துவிடுகிறது. முன் அனுபவம் கேட்பதில்லை. பதிவு செய்யும்போது எந்தெந்த நாட்கள் வர முடியும் என்று குறிப்பிட வேண்டும். அங்கே ஒரு சூட்சுமம்: சனி, ஞாயிறில் உள்ளூர்க்காரர்களே குவிந்துவிடுவார்கள். திங்கள் முதல் புதன்வரை அவர்கள் ஆபீஸ் போக வேண்டும், பைலட் ஆள் தேடுவார். நான் பறந்த இரண்டு நாளும் வார நாட்கள்தான்.

பைலட்டிடம் மூன்று விஷயம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: திடலுக்குள் நுழைய க்ரூ பாஸ் எனக்கு உண்டா, காலையில் எங்கே எத்தனை மணிக்குச் சந்திப்பது, துரத்தும் வண்டியை யார் ஓட்டுவது. உங்களை ஓட்டச் சொன்னால், அந்த வண்டியின் காப்பீடு உங்களுக்கும் பொருந்துமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

4. விமானம், அறை, வண்டி

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. டாலஸ், டென்வர், சிகாகோ போன்ற ஊர்களில் மாறித்தான் அல்புகர்க்கி போக வேண்டும். முதல் அமெரிக்க விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனை நடக்கும், பெட்டியையும் அங்கேயே எடுத்து மறுபடி போட வேண்டும். மாறுவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள்.

அறை விஷயத்தில் ஓராண்டு முன்பே பார்த்தாலும் சீக்கிரம் என்று சொல்ல முடியாது. சாதாரண நாளில் 90 டாலருக்குக் கிடைக்கும் அறையை விழா வாரத்தில் 240 டாலருக்கு எடுத்தேன். அதற்கு முந்தைய பயணத்தில் நான் எடுத்திருந்த ஓர் அறையை, விழாவுக்கு ஒரு மாதம் முன் "கணினிப் பிழை" என்று சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்பி வந்தது, அறைக்கு எங்கே போவது? நகரத்துக்குள் ஒன்று, ஒரு மணி நேரத் தொலைவில் சான்டா ஃபேயில் ரத்து செய்யக்கூடிய இன்னொன்று என இரண்டு எடுத்து வைத்து, கடைசி வாரத்தில் ஒன்றை விடுவதே பாதுகாப்பு.

வாடகைக் காருக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அண்ணன் கார்டு, மனைவி கார்டு செல்லாது. டெபிட் கார்டில் இழுபறி. 25 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு.

க்ரூ பாஸ் கிடைக்காத நாளில் சொந்தக் காரில் திடலுக்குப் போக நினைக்காதீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கே நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கு வரிசை நிற்கும். நகரின் மால்களிலிருந்து விடப்படும் பஸ்ஸுக்கு இணையத்தில் முன்பதிவு செய்தால் நுழைவுச்சீட்டும் அதிலேயே அடங்கும்.

5. என்ன உடுத்துவது

அல்புகர்க்கி ஏறத்தாழ ஏற்காடு உயரத்தில் இருக்கிறது. ஆனால் பச்சை கிடையாது, பாலைவனக் காற்று. விடியற்காலை ஐந்து, ஆறு டிகிரி. பகல் ஒரு மணிக்கு இருபதுக்கு மேல். உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். வாஸலின் ஒரு டப்பா போதும்.

பலூனுக்குள் காற்றைத் தீயால் சூடாக்கும் பர்னருக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள் பருத்தி உடைதான் போட வேண்டும். பாலியஸ்டர், நைலான் எல்லாம் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். என் ஜாக்கெட்டின் வலது தோளில் மிளகு அளவுக்கு இரண்டு ஓட்டை இன்னும் இருக்கிறது. மேலே பருத்தி ஸ்வெட்ஷர்ட், உள்ளே எத்தனை அடுக்கு வேண்டுமானாலும். கையுறை தோல்தான், கம்பளியோ ரப்பரோ அல்ல. தொப்பி கட்டாயம், பர்னர் தலைக்கு நேர் மேலே எரியும். ஷூ கணுக்காலை மூட வேண்டும். துப்பட்டா, மப்ளர், தொங்கும் பின்னல் எதுவும் வேண்டாம், பலூனுக்குக் காற்றடிக்கும் ஃபேனின் இறக்கை இழுத்துவிடும்.

6. காலை நேரக் கணக்கு

3.30-க்கு எழுந்திருங்கள். 4.30-க்குள் பைலட் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு முன்னால் இருட்டிலேயே ஒரு டஜன் பலூன்கள் கிளம்பும். டான் பட்ரோல் என்பார்கள். மேலே எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவற்றைப் பார்த்து மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். பிறகு பைலட்டுகளுக்கான கூட்டம். அந்த நேரம் உங்களுக்குக் காபி நேரம்.

கொடியைக் கவனியுங்கள். மஞ்சள் என்றால் காத்திரு. பச்சை என்றால் கிளம்பலாம். சிவப்பு என்றால் அன்றைக்கு இல்லை. தரையில் காற்று மணிக்கு இருபது கிலோமீட்டரை நெருங்கினாலே கஷ்டம். வாதாடிப் பயனில்லை, யாரும் வாதாடுவதும் இல்லை. இதனால்தான் குறைந்தது நான்கு காலைகளாவது வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இரண்டு நாள் பயணம் என்பது லாட்டரிச் சீட்டு.

வார இறுதியில் ஏழு மணிக்கு மொத்தமாக ஏறத் தொடங்கும். ஐந்நூறு பலூன்களுக்கு மேல், அலை அலையாக. கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை போட்டவர்கள் விசிலோடு நடுவில் ஓடுவார்கள். வரிக்குதிரைகள் என்றே அவர்களுக்குப் பெயர். வரிக்குதிரை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாமல் எந்தப் பலூனும் தரையை விட்டு எழக் கூடாது. அவர் கையசைத்து "பின்னால் போ" என்றால் ஏன் என்று கேட்காமல் போங்கள்.

7. கை வைக்கும்போது

முதலில் கூடையை வண்டியிலிருந்து இறக்கிப் பர்னரை மாட்டுவார்கள். பிறகு கூடையைப் பக்கவாட்டில் சாய்த்து, பையிலிருக்கும் பலூன் துணியை நீளமாக இழுத்து விரிக்க வேண்டும். இரண்டு பேர் துணியின் வாயைத் தூக்கிப் பிடிக்க, பெட்ரோல் ஃபேன் உள்ளே குளிர்காற்றை அடிக்கும். பாதிக்கு மேல் உப்பியதும் பைலட் பர்னரைத் திறப்பார். வாயைப் பிடித்திருப்பவருக்கு முகத்துக்கு ஒரு முழம் தள்ளித் தீ போகும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கையை விடாதீர்கள்.

எனக்குக் கிடைத்தது உச்சிக் கயிறு. பலூனின் தலையிலிருந்து வரும் நீளக் கயிறு அது. துணி படுத்திருக்கும்போது அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். சூடு ஏற ஏறப் பலூன் நிமிரும், கயிறு உங்களை இழுக்கும். தேர்வடம் மாதிரி இழுக்கப் பார்த்தேன். பைலட் அங்கிருந்தே கத்தினார்: "இழுக்காதே, எடையை மட்டும் கொடு!" குதிகாலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, பலூன் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் விட்டுக்கொடுத்து ஒவ்வோர் அடியாக முன்னால் நடக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் துணி தாறுமாறாக எழுந்து ஆடிப் பக்கத்துப் பலூனில் மோதும். முதல் நாள் முடிவில் கையுறையின் உள்ளங்கை பளபளவென்று தேய்ந்துபோயிருந்தது.

மூன்று விதி உண்டு. இவற்றை மீறியவர்கள் செத்தே போயிருக்கிறார்கள்.

கயிறு எதையும் கையில், மணிக்கட்டில், இடுப்பில் சுற்றாதீர்கள்.

கால் தரையை விட்டு எழும்புகிறது என்று தெரிந்த அந்த நொடியே கையை விடுங்கள். "இன்னும் ஒரு நொடி பிடித்தால் அமுங்கிவிடும்" என்று தோன்றும், அமுங்காது. ஓரடி உயரத்தில் விடாதவர் முப்பதடி உயரத்தில் விட வேண்டிவரும்.

மின்கம்பியைத் தொட்ட பலூனையோ அதன் கயிற்றையோ தரையிலிருந்து தொடாதீர்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று அதிகாரப்பூர்வமாகத் தெரியும்வரை தள்ளியே நில்லுங்கள். இதே அல்புகர்க்கியில் 2021 ஜூனில் ஒரு பலூன் மின்கம்பியில் மோதி, அதிலிருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

நிமிர்ந்து நிற்கும் கூடையைப் பிடித்திருக்கும்போது "வெயிட் ஆன்" என்று குரல் வரும். இரண்டு கையையும் கூடையின் விளிம்பில் போட்டு உடம்பின் எடையைக் கொடுங்கள், காலைத் தரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடையின் பக்கத்தில் ஏறுவதற்கென்று ஓட்டைப்படி இருக்கும். புதியவர்கள் வசதியாக அதில் காலை வைத்துவிடுவார்கள். கூடை கிளம்பும்போது கால் மாட்டிக்கொள்ளும். "வெயிட் ஆஃப்" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை எடுத்து இரண்டடி பின்னால் வர வேண்டும்.

8. துரத்தலும் இறங்குமிடமும்

நல்ல காலையில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் கீழ்க்காற்று தெற்கே தள்ளும், மேல்காற்று வடக்கே திருப்பும். இந்த அமைப்பைப் பெட்டி என்று சொல்வார்கள். தாழப் பறந்து தெற்கே போய், ஏறி வடக்கே வந்து, கிளம்பிய திடலிலேயே இறங்குபவர்கள்கூட உண்டு. பெட்டி அமையாத நாளில் ஊர் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். வாக்கி டாக்கியில் பைலட் சொல்வது பாதிதான் காதில் விழும். ஒருவர் ஓட்ட, ஒருவர் கண்ணைப் பலூனிலிருந்து எடுக்காமல் இருக்க வேண்டும். ஓட்டுபவர் அண்ணாந்து பார்க்கவே கூடாது.

பலூன் யார் வீட்டுப் பின்புறத்திலாவது இறங்கினால், வண்டியை உள்ளே விடும் முன் கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள். பூட்டிய கேட்டைத் திறக்காதீர்கள். பைலட் வைத்திருக்கும் வரைபடத்தில் இறங்கக் கூடாத இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும், வண்டியில் ஒரு நகல் இருக்கட்டும். திடலுக்கு வடக்கே சாண்டியா பியூப்லோ பழங்குடியினரின் நிலம். அங்கே உங்கள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது.

துணியை மடிக்கும்போது காற்றைப் பிதுக்கிப் பிதுக்கிப் பைக்குள் திணிக்க வேண்டும். கடைசியில் யாராவது மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தால்தான் வாய் கட்ட முடியும். அந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பிறகு பர்னருக்கு எரிபொருளான புரொபேன் வாயு நிரப்பும் வரிசை. அங்கே செல்போனும் சிகரெட்டும் கூடாது.

பத்து மணிக்கு வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டுச் சாப்பாடு. மிளகாய் சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். சைவர்கள் பீன்ஸைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் சமைப்பார்கள். முட்டை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய் வைத்த பரிட்டோ நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

9. உரிமம் வைத்திருப்பவர்களுக்கு

இந்திய உரிமத்தை வைத்து அங்கே பதிவான பலூனை ஓட்ட, அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.விடம் முதலில் உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க விண்ணப்பிக்க வேண்டும். 45 முதல் 90 நாள்வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்புக் கடிதம் ஆறு மாதம் செல்லும். அதற்குள் அவர்களுடைய அலுவலகம் ஒன்றில் அசல் உரிமத்தோடு நேரில் போய், அதன் அடிப்படையில் தனியார் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்துப் பயணிகளிடம் காசு வாங்கக் கூடாது. விழாவில் பைலட்டாகக் கலந்துகொள்ளத் தனிப் பதிவு, இடமும் வரம்புக்குட்பட்டது. ஏப்ரலுக்குள் கடிதத்துக்கு எழுதாதவர்களுக்கு அந்த ஆண்டு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசையா? அமெரிக்காவில் தனியார் பலூன் உரிமத்துக்குக் குறைந்தது 16 வயதும் 10 மணி நேரப் பறத்தல் பயிற்சியும் வேண்டும். சுற்றுலா விசாவில் போய் உரிமத்துக்கான பயிற்சியை முடித்துவரலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

10. எனக்கு ஆன செலவு

இரண்டாம் பயணம், எட்டு இரவு, நண்பர் ஒருவரோடு அறையும் காரும் பங்கு. விமானம் 1,18,000 ரூபாய். விசா, ஓட்டுநர் அனுமதி, காப்பீடு எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய். அறையில் என் பங்கு 960 டாலர். கார், பெட்ரோலில் என் பங்கு 310 டாலர். சாப்பாட்டுக்கு நாளுக்கு 30 டாலர், காலைச் சாப்பாடு பெரும்பாலும் பைலட் கணக்கு. தோல் கையுறை அங்கேயே ஹார்டுவேர் கடையில் 18 டாலர். பைலட்டுக்கும் அவர் மனைவிக்கும் கொடுக்க ஊரிலிருந்து மைசூர்பாகு இரண்டு கிலோ கொண்டுபோனேன். அது சுங்கச் சோதனையில் பிரச்சினை இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ஆவக்காய் ஊறுகாயின் கதைதான் வேறு. எண்ணெய் கசிந்து, பெட்டியிலிருந்த பருத்திச் சட்டை இரண்டும் வீண். அதை ஜிப்லாக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள்.